மூலிகையும் வெங்காயச் சாட்சியும்

சென்ற தவணையில் பத்தாந்தர மாணாக்கருக்கு "நமது நாட்டு மூலிகைகள்" என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். திருத்த உட்கார்ந்தபோது ஒரே வாக்கியம் கொப்பிக்குக் கொப்பி என்னைத் தொடர்ந்து வந்தது: "மூலிகைகள் இயற்கையானவை; ஆதலால் பக்கவிளைவு அற்றவை." லகர ளகரத்தில் தடுமாறுகின்ற பிள்ளைகள்கூட இந்த வாக்கியத்தைப் பிழையின்றி எழுதியிருந்தார்கள். எங்கே படித்தீர்கள் என்று வகுப்பிற் கேட்டேன். பாடநூலில் அது இல்லை. மருந்துப் பெட்டியின் அட்டையில் இருக்கிறது. வானொலி விளம்பரத்தில் இருக்கிறது. கைத்தொலைபேசியில் நாள்தோறும் வந்து விழுகிறது. "சேர், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றாள் ஒரு மாணவி.

அந்த "ஆதலால்" என்ற சொல்லின்மீதுதான் என் வழக்கு. நான் தமிழ் கற்பிப்பவன், விஞ்ஞானி அல்லன். ஆயினும் காரணங் கூறாத இடத்தில் காரணக்கிளவி வந்து குந்தியிருந்தால் அதனை எழுப்பிவிடுவது என் தொழில்.

இயற்கையானது என்பதிலிருந்து தீங்கற்றது என்பது எவ்வாறு பிறக்கிறது? பாக்கு மரத்திற் காய்ப்பதுதான். அதில் எந்த ஆலையின் இரசாயனமும் கலக்கவில்லை. மங்கலத்துக்கும் துக்கத்துக்கும் தட்டில் வைத்து நீட்டுகிறோம். அதே பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. குளிரிலும் மழையிலும் பசியை அடக்க வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு மலையேறும் தோட்டத் தொழிலாளிதான் இந்த "இயற்கை"க்கு முதலிற் கப்பங் கட்டுகிறான்.

இனி நமது இலக்கியத்தின் செல்லப் பூவைப் பார்ப்போம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் செல்லும் பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்ணின் விரலுக்கு உவமையாகிப் பல நூற்றாண்டுகளாக அது நமது செய்யுள்களிற் பூத்துக்கொண்டிருக்கிறது. மழை தொடங்கியதும் வேலிகளில் ஏறிச் சுடர்விடும் இந்தக் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. உண்ணத்தக்க கிழங்கென்று தவறுதலாக அவித்து உண்டு இந்நாட்டில் மாண்டவர்கள் உண்டு. செடி தன் உடலில் நஞ்சைச் சமைப்பது தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகவே. காலால் ஓட முடியாத உயிரின் ஆயுதம் அது. நமது மூட்டுவலியையோ சலரோகத்தையோ மனத்திற்கொண்டு எந்தச் செடியும் பூமியில் முளைக்கவில்லை.

இதே கொல்சிசினை வைத்துக்கொண்டுதான் சுவீடன் நாட்டின் அல்பேட் லெவான் என்ற பிறப்புரிமையியல் அறிஞர் 1938ஆம் ஆண்டில் ஓர் எளிய காரியத்தைச் செய்தார். வெங்காயத்தின் வேரை அந்த நஞ்சின் கரைசலில் வளரவிட்டு, வேர்நுனியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். வேர் நீளாமல் நுனியிற் பருத்து வீங்கியது. உள்ளே, கலங்கள் பிரியத் தொடங்கிப் பாதியிலே நின்றுபோயிருந்தன. நிறமூர்த்தங்களை இரு புறமும் இழுத்துச்செல்ல வேண்டிய கதிர்நார்கள் தோன்றவேயில்லை. இரட்டித்த நிறமூர்த்தங்கள் போகுமிடம் அறியாது ஒரே கலத்தினுள் தங்கிவிட்டன. 16 நிறமூர்த்தங்கள் இருக்க வேண்டிய கலத்தில் 32 கிடந்தன. ஒரு செடியின் சாற்றுக்கு எதிராக இன்னொரு செடி சாட்சி சொல்லியது.

(இந்த லெவானின் ஆய்வுகூடத்தில்தான் 1955ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், ஜாவாவிற் பிறந்த ஜோ ஹின் ஜியோ, மனிதக் கலத்தில் இருப்பவை 48 நிறமூர்த்தங்கள் அல்ல, 46 என்பதைக் கண்டார். உலகத்துப் பேராசிரியர்கள் பல்லாண்டுகளாகப் பிழையாக எண்ணிக்கொண்டிருந்ததை ஒல்லாந்தக் குடியேற்ற நாட்டிற் பிறந்த ஒருவர் திருத்தினார். நமது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை இது.)

லெவான் தொடக்கிய முறையை 1985இல் பிஸ்கெஸ்யோ என்ற சுவீடிஷ் அம்மையார் ஒழுங்குபடுத்தி, நீரிலும் மண்ணிலும் கலக்கும் நச்சுக்களை அளந்தறியும் பொதுச் சோதனையாக நிலைநாட்டினார். இன்று உலகின் பல பாகங்களிலும் மூலிகைச் சாறுகளும் அவற்றிற் பிரித்தெடுத்த பொருள்களும் இந்த வெங்காயத்தின் முன்னே நிறுத்தப்படுகின்றன. விலை உயர்ந்த பொறிகளோ கூண்டு நிறைந்த எலிகளோ வேண்டியதில்லை. குவளை ஒன்றின் வாயில் வெங்காயத்தை இருத்தி, அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி விட்டால் இரண்டு மூன்று நாளில் வெண்மையான வேர்கள் இறங்கும். ஒரு குவளையில் வெறும் நீர். ஏனையவற்றில் சோதிக்க வேண்டிய சாறு, குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுவரை. தீங்கு செய்யுமென்று முன்பே அறிந்த பொருளை இட்ட குவளையும் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் சோதனை கண் திறந்திருக்கிறதா குருடா என்று தெரியாது. வேரின் நீளத்தை அளந்தால் அது நச்சுத்தன்மையின் முதற் கணக்கு. பிறகு நுனியை வெட்டி, அற்ககோலும் அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் இட்டு நிலைப்படுத்தி, ஐதான அமிலத்தில் இளக்கி, சாயமூட்டி, வழுக்கியில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும்.

பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். ஓராயிரம் கலங்களை எண்ணி அவற்றுட் பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்று கணக்கிட வேண்டும். அந்த விகிதம் வெறும் நீரில் வளர்ந்த வேரைவிடக் குறைந்திருந்தால் சாறு கலப்பிரிவைத் தடுக்கிறது என்று பொருள். அதற்கும் மேலே போய், மேன்முகவவத்தையில் இரு கூட்டங்களுக்கும் இடையே பாலம் போல இழுபட்டு நிற்கும் நிறமூர்த்தம் உண்டா, உடைந்த துண்டுகள் உண்டா, கூட்டத்தோடு சேராமல் வழியில் தங்கியவை உண்டா, கருவுக்குப் புறத்தே சிறுகருக்கள் கிடக்கின்றனவா என்று தேட வேண்டும். முன்னையது கலத்தின் வளர்ச்சியைப் பற்றிய செய்தி. பின்னையது பரம்பரைப் பொருளின் சேதத்தைப் பற்றிய செய்தி. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. வெங்காயத்தின் நிறமூர்த்தங்கள் எண்ணிக்கையிற் குறைவு, உருவிற் பெரியவை. ஆகவேதான் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் அகப்படுகின்றன.

உயர்தர உயிரியல் மாணவர்கள் இந்த வேர்நுனியைப் படமாக வரைகிறார்கள். முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்று நான்கு வட்டங்கள்; நான்கு புள்ளிகள். அந்த வட்டத்தினுள் தம் வீட்டுக் கசாயத்தைப் பற்றிய வழக்கு ஒன்று விசாரிக்கப்படலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

வழக்கு அற்பமானதன்று. 1990ஆம் ஆண்டளவில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸிலே உடல் மெலிவிப்பதற்கென்று ஒரு மருத்துவ நிலையத்திற் பெண்களுக்குச் சீன மூலிகைத் தூள் கொடுக்கப்பட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த வேறொன்று கலந்துவிட்டது. அது அரிஸ்தோலோக்கியா இனம். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. 1993இல் மருத்துவர்கள் அதனை வெளியிட்டனர். சிறுநீரகம் செயலிழந்தோருள் 39 பேரிடமிருந்து முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்ட சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் ஆராய்ந்தபோது 18 பேரிடம் புற்றுநோய் இருந்ததென 2000ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அத் தாவரத்திலுள்ள அமிலம் பரம்பரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அதன் எழுத்துக்களையே மாற்றிவிடுகிறது. தூளை நிறுத்திய பின்னும் அந்த எழுத்துப்பிழை உடலில் நிற்கிறது. 2002இல் இவ்வினச் செடிகள் அடங்கிய மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் தருவனவென வகைப்படுத்தப்பட்டன.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று ஆறுதலடைபவர்களுக்கு ஒரு சொல். அதே இனத்தைச் சேர்ந்த அரிஸ்தோலோக்கியா இண்டிகா நமக்கு அந்நியமானதன்று. ஈசுரமூலி என்றும் பெருமருந்து என்றும் பெயர் சூட்டிப் பாம்புக்கடிக்குங்கூட நாம் கொண்டாடி வந்த செடி அது. பெருமருந்து! பெயர் வைத்தவர்களை நான் குறை கூறேன். அவர்கள் அன்றைக்குக் கண்டதைச் சொன்னார்கள். குடித்தவன் இருபது ஆண்டுகளின் பின் புற்றுநோயால் இறந்தால் அதற்கும் அந்தக் குடிநீருக்கும் உள்ள உறவைக் கையால் நாடி பார்த்து அறிய முடியாது. உடனே கொல்லும் நஞ்சை நம் முன்னோர் அறிந்தார்கள். காந்தட் கிழங்கை மருந்தாக்குமுன் சுத்தி செய்ய வேண்டுமென வகுத்தவர்கள் அவர்கள். நஞ்சல்லாததற்குச் சுத்தி எதற்கு? "பக்கவிளைவு அற்றது" என்று அட்டையில் அச்சிடுகிறவன் அந்தச் சித்தரின் வாரிசு அல்லன். அவர் வகுத்த எச்சரிக்கையைக் கிழித்தெறிந்துவிட்டு அவர் படத்தை மட்டும் ஒட்டிக்கொண்ட வியாபாரி.

நமது பண்டிதர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையேறும்போதெல்லாம் வள்ளுவரை மூலிகைக் கடைக்கு முகவராக்குகிறார்கள். 95ஆம் அதிகாரத்துக்கு "மருந்து" என்று பெயர் என்பது உண்மை. பத்துக் குறளையும் ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். ஒரு செடியின் பெயர் அங்கே இல்லை. ஓர் இலை இல்லை, ஒரு வேர் இல்லை. உண்டது செரித்ததா என்று பார், அளவறிந்து உண், நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய் என்பதே அங்குள்ள பேச்சு.

ஆராயாமையின் விலையை இந்நாடு அண்மையிற் கண்டது. 2020 டிசம்பரில், கொரோனா பரவிய வேளையில், கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றனர். நாட்டின் சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அப்பாணியை அருந்திக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அவருக்கு மருத்துவ வசதி இருந்தது. வரிசையில் நின்ற கூலிக்காரனுக்கு என்ன இருந்தது?

அதே 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. "இயற்கை" என்ற சொல் அரசாங்கக் கொள்கையாயிற்று. நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அதற்கிடையில் பெரும்போகத்து வயல்கள் வெளிறிவிட்டன. கமக்காரனுக்கு மாற்றாகச் சொல்லப்பட்டவற்றுள் இலைச்சாறுகளும் கரைசல்களும் அடங்கும். அவற்றுட் சில பயனுள்ளவை. வேப்பங்கொட்டைச் சாற்றின் ஆற்றல் நெடுநாளாக அறியப்பட்டது. ஆனால் பூச்சியைக் கொல்லும் செறிவு பயிரின் வேரை என்ன செய்யும்? முளைக்கும் விதையை என்ன செய்யும்? புகையிலைச் சாறும் இயற்கையே; நிக்கொற்றீன் பூச்சிக்கு மட்டும் நஞ்சன்று, தெளிப்பவனுக்கும் நஞ்சு. செம்மண்ணில் வெங்காயம் வைத்து ஆண்டுமுழுவதையும் ஒரு போகத்தில் பணயம் வைக்கிற வலிகாமத்துக் கமக்காரனிடம், "தெளித்துப் பார்" என்பது பரிசோதனையா? அவனுடைய தோட்டமே குவளை, அவனுடைய கடனே செறிவு என்றல்லவா அது முடியும்?

மறுபக்கத்தில் நிற்பவர்களையும் நான் விட்டுவிடுவதற்கில்லை. நாட்டு மருந்து என்றதும் உதட்டைச் சுழிக்கும் ஆங்கில மோகிகள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் ஏற்றப்படும் வின்கிறிஸ்தீன், நம் முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது புற்றுக்கலத்தைக் கொல்லும் வழியும் லெவான் வெங்காயத்திற் கண்டதற்கு நெருங்கிய உறவு: கதிர்நார் உருவாகாமற் கலப்பிரிவு நிற்கிறது. நஞ்சாக்குவதும் மருந்தாக்குவதும் ஒரே பண்பு. சீனத்திலே 1967ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தொடங்கிய மலேரியா ஆராய்ச்சித் திட்டத்தில் தூ யூயூ அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் பழஞ்சுவடிகளைக் குப்பையென்று தள்ளவுமில்லை. தெய்வவாக்கென்று தலையில் வைத்து ஆடவுமில்லை. நூற்றுக்கணக்கான குறிப்புகளைச் சோதனைக்கு உட்படுத்தினர். வெப்பத்திற் கெட்டுப்போன சாற்றைத் தாழ்ந்த வெப்பநிலையில் வடித்தனர். விலங்குகளிற் பார்த்தபின் அம்மையார் தாமே உட்கொண்டு பார்த்தார். 2015இல் நோபல் பரிசு வந்தது பழமைக்கன்று, பழமையை விசாரித்தமைக்கு.

எனவே சோதனை வேண்டும் என்று சொன்னால் போதுமா? போதாது. யாருடைய சோதனை என்றும் கேட்க வேண்டும். கொல்சிசினையே எடுத்துக்கொள்வோம். கவுற்று நோய்க்கு அது பன்னெடுங்காலமாக வழங்கிவந்த மருந்து. அமெரிக்காவில் ஒரு வில்லை ஏறத்தாழ 9 சதத்துக்கு விற்றது. 2009இல் ஒரு கம்பெனி சிறிய பரிசோதனை ஒன்றைச் செய்து அரசாங்க அங்கீகாரம் பெற்றது. அதனோடு ஏகபோக விற்பனை உரிமையும் பெற்றது. ஏனைய உற்பத்தியாளர் விலக்கப்பட்டனர். வில்லையின் விலை ஏறத்தாழ 5 டொலர் ஆயிற்று. தமிழ்நாட்டிலே திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் வெயிலில் நின்று காந்தட்பூவுக்குக் கையால் மகரந்தம் ஏற்றி விதை சேர்ப்பவளின் கூலி அதனோடு ஐம்பது மடங்கு உயர்ந்ததா? அறிவு பொதுச்சொத்தாக இல்லாத இடத்தில் ஆய்வுகூடமும் ஒரு கொள்ளைக்காரனின் கைக்கருவியாகலாம். சோதிக்காத வியாபாரி நோயாளியின் உடலைச் சூறையாடுகிறான். சோதித்த முதலாளி அவன் மடியைச் சூறையாடுகிறான்.

ஆகவேதான் இந்த எளிய வெங்காயத்தின்மீது எனக்கு இவ்வளவு பற்று. அதை எவனும் ஏகபோகமாக்க முடியாது.

ஆனால் அதன் எல்லையையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாமும் அட்டைப்பெட்டிக்காரராகிவிடுவோம். வெங்காயத்துக்கு ஈரல் இல்லை. 1981இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நாட்டு மருந்துச் செடிகள் சிலவற்றில் பைரோலிசிடின் வகை அல்கலோயிட்டுகள் இருப்பதை வெளியிட்டனர். அவை மனித ஈரலில் உருமாறிய பின்னரே கொடிய நஞ்சாகின்றன. அத்தகைய பொருளின்முன் வெங்காயம் ஊமைச் சாட்சியாக நிற்கக்கூடும். வேர் நன்றாக வளர்ந்தது, ஆகவே மருந்து நல்லது என்று நாளைக்கு ஒருவன் விளம்பரம் செய்தால் அது பழைய "ஆதலால்"தான். மறுதலையாக, வேர் குறுகியது, ஆகவே புற்றுநோய் வரும் என்று கூச்சலிடுவதும் அறிவன்று. உப்பு நீரிலும் வேர் குறுகும். சந்தேகப்பட வேண்டியது எது, மேற்கொண்டு பெரிய ஆய்வுகூடத்தில் விசாரிக்க வேண்டியது எது என்று விரல் நீட்டுவதே இச்சோதனையின் பணி.

விரல் நீட்டவும் ஆளில்லாமற் போனதால் என்ன நேரும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். என்னோடு கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் சலரோகத்துக்குக் குடித்த வில்லைகளை நிறுத்திவிட்டு, பெயர் பெற்ற ஒரு தூளுக்கு மாறினார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய சிறுநீரகங்கள் ஓய்ந்தன. தூள்தான் காரணமா, கட்டுப்படாத நோய்தான் காரணமா? என்னால் சொல்ல முடியாது. மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. தூளினுள் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. அதை விற்றவனுக்காவது தெரியுமா என்பதே ஐயம். குற்றவாளி இவன் என்று காட்ட ஒரு சான்றும் இல்லாதபடி ஒரு மனிதர் அழிந்தார். 1961ஆம் ஆண்டு முதல் நமக்கு ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. 1962 முதல் நாவின்னையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியிலே சித்த மருத்துவம் கற்பிக்கிறது. கடையில் விற்கும் ஒவ்வொரு தூளிலும் என்ன இருக்கிறது, எந்தச் சோதனையில் அது என்ன விளைவு காட்டியது என்பதை வாங்குபவன் வாசிக்கக்கூடிய மொழியில் அட்டையில் எழுதும்படி கட்டாயப்படுத்துவது பேராசையன்று.

மொழி என்றேன். மருந்துக்கடை விளம்பரம் நல்ல தமிழிற் பேசுகிறது. சந்தமும் சேர்த்துப் பேசுகிறது. சோதனையின் முடிவோ ஆங்கில ஏட்டிலே புதைந்து கிடக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களும் ஆக்குவித்தார். அதன் பிறகும் பல்கலைக்கழகம் சென்ற நாம் நமது ஊர் மூலிகைபற்றிய ஓர் ஆய்வையாவது பத்தாந்தரப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் எழுதினோமா? என்னையுஞ் சேர்த்தே கேட்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காந்தளின் உவமைநயத்தைக் கற்பித்தேன். அதன் கிழங்கைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

இம்முறை, கட்டுரைகளைத் திருத்தி முடித்ததும், உயிரியல் ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் சிரித்தார், பிறகு ஒத்துழைத்தார். முதலிற் பம்பாய் வெங்காயம் வாங்கினோம். பலவற்றில் வேரே இறங்கவில்லை. கப்பலில் வருவதற்காக முளைக்காதபடி பக்குவம் செய்திருப்பார்கள் என்றார் அவர். பிறகு ஒரு மாணவன் தன் தகப்பனின் தோட்டத்திலிருந்து சின்ன வெங்காயம் கொண்டுவந்தான். நீரிலும், மூன்று செறிவில் ஊறவைத்த பாக்கு நீரிலும் இருத்தினோம். ஐந்தாம் நாள் நீர்க் குவளையில் வேர்கள் தாடிபோல் தொங்கின. கடுஞ்செறிவுக் குவளையில் பழுப்பேறி நெல்மணியளவில் நின்றன. மாணவி ஒருத்தி ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்தை நினைத்தாளோ என்னவோ, நெடுநேரம் பேசாமல் நின்றாள். இது பாக்கின் துவர்ப்பினால் மட்டும் நேர்ந்திருக்கலாம், நிறமூர்த்தங்களைப் பார்க்காமல் எதுவுஞ் சொல்லாதீர்கள் என்று ஆசிரியை பிள்ளைகளை எச்சரித்தார்.

பார்ப்பதற்கு நுணுக்குக்காட்டி வேண்டும். எங்கள் பாடசாலையில் ஒன்று இருக்கிறது, அலுமாரியிற் பூட்டியிருக்கிறது. பழுதாகிவிடும் என்ற அச்சத்தில் பல ஆண்டுகளாக அது வெளியே வந்ததில்லை. திறப்பைத் தரும்படி மாணாக்கர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று, தமிழில், என் திருத்தத்தோடு, அதிபரின் மேசையில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் "ஆதலால்" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முன் காரணம் இருந்தது. நான் அதை அடிக்கவில்லை.